சொல்லுக்குள்ளே கிரேக்கம்: வாசகர் கேள்வி – பதில்

ஆங்கிலச் சொற்களில் உள்ள கிரேக்க வேர்கள் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் எங்கள் பதில்களும்.

கேள்வி: போட்டித் தேர்வுக்காக 500 கிரேக்க வேர்கள் உள்ள பட்டியலை மனப்பாடம் செய்யத் தொடங்கினேன். இரண்டே வாரத்தில் பாதி மறந்துவிட்டது. வேறு வழி இருக்கிறதா?

பதில்: வேரைத் தனியாகப் பிடுங்கி வைத்துப் படித்ததால் வந்த வினை இது. 'க்ரோனோஸ் என்றால் காலம்' என்று மட்டும் படித்தால் அது மனத்தில் ஒட்டுவதற்குப் பிடிமானம் ஏதும் இல்லை. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சொல்லிலிருந்து தொடங்குங்கள். 'தெர்மாமீட்டர்' என்பதை எடுத்துக்கொள்வோம். தெர்மோஸ் என்றால் சூடானது, மெட்ரோன் என்றால் அளவு. இப்போது முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு போனால் 'தெர்மோஸ்டாட்' (வெப்பத்தை ஒரே நிலையில் நிறுத்துவது), 'ஹைப்போதெர்மியா' (உடல் வெப்பம் அளவுக்குக் கீழே போவது), 'ஜியோதெர்மல்' (பூமிக்குள் இருக்கும் வெப்பம் சார்ந்தது) என்று ஒரு குடும்பம் வரும். இரண்டாம் பாதியைப் பிடித்தால் 'பாரோமீட்டர்', 'ஜியோமெட்ரி', 'சிம்மெட்ரி' என்று இன்னொரு குடும்பம். பழகிய ஒரே சொல் இரண்டு வாசல்களைத் திறந்துவிடுகிறது.

ஒரு நாளைக்கு நான்கு வேர்களுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு வேருக்கும் மூன்று சொற்கள்: நன்றாகத் தெரிந்தது ஒன்று, காதில் விழுந்திருப்பது ஒன்று, முற்றிலும் புதியது ஒன்று. அட்டையின் முன்பக்கத்தில் அந்தப் புதிய சொல்லை மட்டும் எழுதுங்கள், வேரை எழுதாதீர்கள். தேர்வில் உங்கள் முன் வந்து நிற்கப்போவது சொல்தானே. பின்பக்கத்தில் மூன்று வரிகள்: சொல்லைப் பிரித்த விதம், வேர்கள் தரும் நேர்ப்பொருள், இன்றைய பொருள். கடைசி இரண்டையும் ஒரே வரியில் கலக்காதீர்கள். ஏன் என்பதைக் கீழே வேறொரு கேள்விக்கான பதிலில் சொல்லியிருக்கிறோம். அட்டையை 1, 3, 7, 21-ஆம் நாட்களில் திரும்பப் பாருங்கள்.

முன்னொட்டுகளை முதலில் முடித்துவிடுவது நல்லது. சின், ஹைப்பர், ஹைப்போ, பெரி, பாரா, எபி, டயா, கேட்டா, ஆன்டி, ஆட்டோ போன்ற இருபதைத் தெரிந்துகொண்டால் அவை எல்லாத் துறையிலும் கை கொடுக்கும். அதற்குமேல் 120, 130 வேர்கள் கைவசம் இருந்தால் பொதுவான படிப்புக்குத் தாராளமாகப் போதும் என்பது எங்கள் கருத்து. மீதிப் பட்டியலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: குழந்தை மருத்துவர் 'பீடியாட்ரிஷியன்'. நடந்து செல்பவர் 'பெடஸ்ட்ரியன்'. இரண்டிலும் ஒரே 'பெட்' இருக்கிறதே, குழந்தைக்கும் நடைக்கும் என்ன உறவு?

பதில்: உறவே இல்லை. வெவ்வேறு மொழிகளிலிருந்து வந்த இரண்டு வேர்கள் ஆங்கில எழுத்தில் ஒன்றுபோல் ஆகிவிட்டன. கிரேக்கத்தில் 'பைஸ்' என்றால் குழந்தை. வேற்றுமை ஏற்கும்போது 'பைடோஸ்' ஆகும். லத்தீனில் 'பெஸ்' என்றால் பாதம். அது 'பெடிஸ்' ஆகும். மிதிவண்டியின் 'பெடல்', கால் அழகுபடுத்தும் 'பெடிக்யூர்', தடுத்து நிறுத்தும் 'இம்பீட்' எல்லாம் லத்தீன் பாதத்தின் வாரிசுகள். 'பெடகாஜி' எனும் கற்பித்தல் கலை கிரேக்கக் குழந்தையிலிருந்து வந்தது. பழைய கிரேக்கத்தில் 'பைடகோகோஸ்' என்பவர் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் சென்று வந்த அடிமை. 'என்சைக்ளோபீடியா'வின் கடைசிப் பகுதியும் இதே வேர்தான். அங்கே பொருள் பிள்ளை வளர்ப்பிலிருந்து கல்விக்கு நகர்ந்துவிட்டது.

பலர் ஏமாறும் சொல் 'ஆர்த்தோபீடிக்ஸ்'. எலும்பு, கால் சிகிச்சை என்பதால் அந்த 'பீட்' பாதம் என்றே நினைப்பார்கள். பிரெஞ்சு மருத்துவர் நிக்கோலா ஆந்த்ரி 1741-இல் இந்தச் சொல்லை உருவாக்கியபோது 'ஆர்த்தோஸ்' (நேரான) என்பதோடு குழந்தையைக் குறிக்கும் வேரைத்தான் சேர்த்தார். குழந்தைகளின் உடல் வளைவுகளை நிமிர்த்துவது பற்றியே அவர் எழுதினார். பிறகு அந்தத் துறை எல்லா வயதினருக்கும் விரிந்தது.

கிரேக்கத்திலும் பாதத்துக்கு ஒரு சொல் உண்டு: 'பூஸ்', 'பொடோஸ்'. 'ட்ரைபாட்' முக்காலி, 'ஆக்டோபஸ்' எட்டுக்கால் உயிரி. ஆக, 'பாட்', 'பஸ்' என்று வந்தால் கிரேக்கப் பாதம். 'பெட்' என்று வந்தால் லத்தீன் பாதமா கிரேக்கக் குழந்தையா என்று பாருங்கள். பிரிட்டிஷ் எழுத்துமுறையில் பி-க்குப் பின் ஏ, ஈ என்ற இரண்டு எழுத்தும் சேர்ந்து வந்தால் குழந்தை என்று உறுதியாகச் சொல்லலாம். அமெரிக்க எழுத்துமுறையில் ஏ விழுந்துவிடுவதால் இந்தத் தடயம் அழிந்துவிடும்.

கேள்வி: 'மெட்ரோபொலிஸ்' என்றால் அளந்து கட்டிய நகரம் என்று பொருள் கொள்ளலாமா?

பதில்: கூடாது. இங்கே இருப்பது அளவைக் குறிக்கும் மெட்ரோன் இல்லை. தாயைக் குறிக்கும் 'மேட்டர்'. தாய்நகரம் என்பதே நேர்ப்பொருள். தன் மக்களை அனுப்பிப் புதிய குடியேற்றங்களை உண்டாக்கிய நகரைக் கிரேக்கர் இப்படி அழைத்தார்கள். மெட்ரோ ரயிலும் இந்தத் தாயின் சுருக்கம்தான். இசைக்குத் தாளம் காட்டும் 'மெட்ரோனோம்' மட்டும் அளவின் பக்கம்.

கேள்வி: செவிலியர் படிப்பில் சேர்ந்திருக்கிறேன். ஹைப்போ, ஹைப்பர் இரண்டும் காதில் ஒன்றாகவே விழுகின்றன. நீளமான நோய்ப் பெயர்களைப் பார்த்தாலே பயம். எப்படிப் பிரித்துப் படிப்பது?

பதில்: மருத்துவச் சொல்லைக் கடைசியிலிருந்து படிக்கப் பழகுங்கள். முதலில் பின்னொட்டு, அடுத்து முன்னொட்டு, இறுதியாக நடுப்பகுதி. 'ஹைப்போக்ளைசீமியா' என்பதில் கடைசியில் உள்ள 'ஈமியா' இரத்தத்தைப் பற்றியது. 'ஹைமா' என்றால் இரத்தம். முன்னே 'ஹைப்போ' – கீழே, குறைவு. நடுவே 'க்ளைக்' – இனிப்பு. இரத்தத்தில் சர்க்கரை குறைவு. 'ஹைப்பர்' என்றால் மேலே, மிகுதி. லத்தீனின் 'சூப்பர்' அதற்கு உடன்பிறப்பு. ஒலியும் பொருளும் நெருங்கியிருப்பதால் 'ஹைப்பர் – சூப்பர்' என்று இணைத்து வைத்துக்கொண்டால் குழம்பாது. தோலுக்குக் கீழே போடும் ஊசியை 'ஹைப்போடெர்மிக்' என்கிறோம், 'டெர்மா' தோல். அந்த ஊசி தோலுக்குக் கீழே இறங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள், ஹைப்போ மறக்காது.

ஆனால் வார்டில் இந்த உத்தியை மட்டும் நம்பாதீர்கள். வாய்மொழியாக வரும் தகவலில் இந்த இரண்டு ஒலிகளும் மாறிப்போனால் சிகிச்சையே தலைகீழாகிவிடும். கேட்டதைத் திருப்பிச் சொல்லும்போது 'லோ சுகர்', 'ஹை சுகர்' என்று எளிய சொல்லையும் எண்ணையும் சேர்த்தே சொல்லுங்கள்.

அறுவைச் சிகிச்சைப் பெயர்களில் மூன்று வால்களைப் பிரித்தறிய வேண்டும். 'டோமே' என்றால் வெட்டு. 'ஒட்டமி' என்று முடிந்தால் வெட்டித் திறப்பது: 'கிரேனியாட்டமி' மண்டை ஓட்டைத் திறப்பது. அதற்கு முன்னால் வெளியே என்று பொருள்படும் 'எக்' சேர்ந்து 'எக்டமி' ஆனால் வெட்டி எடுத்துவிடுவது: 'கேஸ்ட்ரெக்டமி' இரைப்பையை முழுதாகவோ பகுதியாகவோ நீக்குவது. 'ஆஸ்டமி' என்று முடிந்தால் அங்கே வேரே வேறு. 'ஸ்டோமா' என்றால் வாய். புதிதாக ஒரு திறப்பை உண்டாக்கிவிடுவது. 'கொலாஸ்டமி' செய்தவருக்கு வயிற்றில் ஒரு திறப்பு இருக்கும், அதைப் பராமரிக்க வேண்டும். 'ட்ரேக்கியாட்டமி', 'ட்ரேக்கியாஸ்டமி' இரண்டுக்கும் எழுத்தில் வித்தியாசம் ஓர் 'எஸ்' மட்டுமே. நடைமுறையில் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்வதும் உண்டு, ஆகவே குறிப்பேட்டை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

'ஐட்டிஸ்' இன்று அழற்சியைக் குறிக்கிறது. கிரேக்கத்தில் அது 'அதைச் சார்ந்த' என்று சொல்லும் வெறும் பெயரடை ஈறு. 'ஆர்த்ரைட்டிஸ்' என்றால் மூட்டைச் சார்ந்த நோய் என்பதே பழைய பொருள். 'ஓமா' என்று முடிந்தால் உடனே புற்று என்று கலங்க வேண்டாம். 'கார்சினோமா' புற்று, 'லைப்போமா' தீங்கற்ற கொழுப்புக் கட்டி, 'ஹீமட்டோமா' இரத்தம் கட்டிக்கொள்வது, 'க்ளாக்கோமா' எனும் கண் நோயில் கட்டியே கிடையாது.

கேள்வி: 'சைக்காலஜி'யில் ஒலிக்காத 'பி'யை எதற்கு எழுதுகிறார்கள்? எடுத்துவிட்டால் என்ன?

பதில்: எடுத்துவிட்டால் குடும்பம் தெரியாமல் போகும். கிரேக்கத்தில் 'ப்ஸ்' என்ற ஒலிக்குத் தனி எழுத்தே இருந்தது. கிரேக்கர் அதை முழுதாகவே ஒலித்தார்கள். ஆங்கில நாக்கு சொல்லின் தொடக்கத்தில் 'ப்ஸ்', 'ப்ன்', 'ப்ட்' ஆகிய கூட்டுகளை ஏற்பதில்லை. தனி மெய் சொல்லுக்கு முதலில் வராது என்ற தமிழ் இலக்கண விதியைப் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஒவ்வொரு மொழிக்கும் தன் வாசற்படியில் எந்த ஒலியை விடலாம் என்று ஒரு கணக்கு இருக்கிறது.

சுவையான விஷயம், அதே வேருக்கு முன்னால் ஓர் உயிரொலி வந்துவிட்டால் ஊமை எழுத்து பேசத் தொடங்கிவிடும். 'நிமோனியா'வில் பி ஒலிக்காது. தூக்கத்தில் மூச்சு நின்று வரும் 'ஆப்னியா'வில் ஒலிக்கும். 'நெமோனிக்' எனும் நினைவு உத்தியில் முதல் எம் ஊமை. 'அம்னீஷியா' எனும் மறதியில் அது கேட்கும். 'நாஸ்டிக்'கில் ஜி ஊமை, 'அக்னாஸ்டிக்'கிலும் 'டயக்னோசிஸ்'ஸிலும் வாய் திறக்கும். எழுத்துக்கூட்டலில் சந்தேகம் வந்தால் இப்படி ஓர் உறவுச் சொல்லைத் தேடுங்கள். விழுங்கப்பட்ட எழுத்து அங்கே காதில் விழும்.

'சி-எச்' பற்றியும் பலர் கேட்டிருந்தார்கள். கிரேக்க வழி வந்ததானால் பெரும்பாலும் 'க்' என்றே ஒலிக்கும்: 'கெமிஸ்ட்ரி', 'கோரஸ்', 'ஸ்டமக்', 'ஆர்க்கிடெக்ட்'. பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்த சொல் மட்டும் ஒலி மாறும். 'மெக்கானிக்', 'மெஷின்' இரண்டும் ஒரே கிரேக்கச் சொல்லின் பிள்ளைகள். இரண்டாவது பிரெஞ்சு வீட்டில் வளர்ந்தது.

கேள்வி: ஹெலிகாப்டர் = ஹெலி + காப்டர். சரிதானே?

பதில்: பிரிக்கும் இடம் தவறு. 'ஹெலிகோ' + 'ப்டெர்'. ஹெலிக்ஸ் என்றால் சுருள், ப்டெரான் என்றால் சிறகு. 1861-இல் பிரெஞ்சில் உருவான பெயர். 'ஹெலிபேட்', 'ஹெலிபோர்ட்' எல்லாம் தவறாகப் பிரித்ததிலிருந்து முளைத்து நிலைத்துவிட்ட சொற்கள். அவற்றை இப்போது பிழை என்று ஒதுக்க முடியாது. ஹீலியம் வாயுவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அது சூரியனைக் குறிக்கும் 'ஹீலியோஸ்'; 1868-இல் சூரிய ஒளியில் தெரிந்த ஒரு கோட்டிலிருந்து அறியப்பட்ட தனிமம்.

கேள்வி: வேர் தெரிந்தால் பொருள் தெரிந்துவிடும் என்கிறார்கள். 'ஆட்டம்' என்றால் பிளக்க முடியாதது. ஆனால் அணுவைப் பிளந்துவிட்டார்களே?

பதில்: இந்தக் கேள்விக்குத்தான் நாங்கள் காத்திருந்தோம். ஒரு சொல்லின் வேர், அந்தப் பொருளுக்குப் பெயர் வைத்தவர் அன்று என்ன நினைத்தார் என்பதைச் சொல்லும். அந்தப் பொருள் இன்று என்ன என்பதைச் சொல்லும் பொறுப்பு அதற்கு இல்லை.

'ஆட்டம்' என்பதில் 'அ' இன்மை, 'டோமோஸ்' வெட்டு. 1897-இல் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டபோதே வெட்ட முடியாதது என்ற பொருள் காலாவதியாகிவிட்டது; பெயர் மட்டும் நின்றது. ஆக்சிஜனுக்குப் பெயரிட்ட லவாய்சியர், எல்லா அமிலத்திலும் அது இருக்கும் என்று நம்பி 'ஆக்சிஸ்' (கூர்மை, புளிப்பு), 'ஜென்' (பிறப்பிப்பது) இரண்டையும் சேர்த்தார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜன் கிடையாது. ரிச்சர்ட் ஓவன் 1842-இல் 'டைனோசார்' என்று எழுதியபோது அச்சமூட்டும் பல்லி என்று பொருள் வைத்தார். அது பல்லியினம் இல்லை. 'ஹிஸ்டீரியா'வில் இருக்கும் 'ஹிஸ்டெரா' கருப்பை. அந்த நிலை கருப்பையால் வருகிறது என்ற பழைய தவறான நம்பிக்கை இன்றும் அந்தச் சொல்லுக்குள் கிடக்கிறது.

துறைக்குத் துறை பொருள் மாறுவது இன்னொரு சங்கடம். 'ஃபோபோஸ்' என்றால் அச்சம். உளவியலில் 'ஃபோபியா' உண்மையிலேயே அச்சம்தான். கண் மருத்துவர் 'ஃபோட்டோஃபோபியா' என்று எழுதினால் நோயாளி வெளிச்சத்துக்குப் பயப்படுகிறார் என்று அர்த்தமில்லை. வெளிச்சம் பட்டால் கண் கூசுகிறது அல்லது வலிக்கிறது. வேதியியலில் 'ஹைட்ரோஃபோபிக்' என்றால் நீரோடு சேராத பொருள். நாய்க்கடி நோய்க்கு 'ஹைட்ரோஃபோபியா' என்று பெயர் வந்தது, நோயாளி நீரை விழுங்க முயலும்போது தொண்டைத் தசைகள் இறுகி வதைப்பதால். ஒரே இரண்டு வேர்களில் எத்தனை அர்த்தம் பாருங்கள்.

ஆகவே தெரியாத சொல்லைக் கண்டால் மூன்று படி: பிரியுங்கள், நேர்ப்பொருளை ஊகியுங்கள், பிறகு அந்த வாக்கியத்தில் வைத்துப் பார்த்து அகராதியில் சரிபாருங்கள். பலர் இரண்டாம் படியிலேயே நின்றுவிடுகிறார்கள். 'ஆட்டோப்சி' என்பதைத் 'தானே பார்ப்பது' என்று பிரித்து, தன்னைத் தானே பரிசோதிப்பது என்று எழுதிவிடுவது அந்த வகைப் பிழை. 'ஆட்டோஸ்' தான், 'ஆப்சிஸ்' பார்வை. சொந்தக் கண்ணால் பார்த்து உறுதி செய்வது என்ற கருத்திலிருந்து பிணப் பரிசோதனைக்கு வந்து சேர்ந்தது. 'பயாப்சி'யிலும் அதே பார்வைதான். அங்கே உயிருள்ள உடலின் திசு.

கேள்வி: 'சின்' என்றால் 'சேர்ந்து' என்கிறீர்கள். ஆனால் 'சிம்பதி', 'சிலபிள்', 'சிஸ்டம்' ஆகியவற்றில் 'சின்' காணவில்லையே?

பதில்: மரம் என்பதோடு கள் சேர்ந்தால் மரங்கள் ஆகிறதல்லவா? அடுத்து வரும் ஒலிக்கு ஏற்ப முந்தைய மெய் தன்னை மாற்றிக்கொள்கிறது. கிரேக்கத்திலும் இதே புணர்ச்சிதான். ப, ப்ஃ, ம ஒலிகளுக்கு முன் 'சின்' என்பது 'சிம்' ஆகும்: 'சிம்பதி', 'சிம்ஃபனி', 'சிம்மெட்ரி'. ல-வுக்கு முன் 'சில்': 'சிலபிள்'. 'சிஸ்டம்' என்பதில் மெய் மறைந்தே போனது. மற்ற இடங்களில் 'சிந்தசிஸ்' போல உருமாறாமல் நிற்கும்.

இன்னொரு மாற்றம் இதைவிட ஏமாற்றும். ஹ-வில் தொடங்கும் சொல்லுக்கு முன் 'எபி' வந்தால் பி-யும் ஹ-வும் கூடி 'எஃப்' ஒலியாகிவிடும். 'ஹெமெரா' என்றால் பகல். ஒரு நாளே வாழ்வது 'எஃபெமரல்'. 'ஹோடோஸ்' என்றால் வழி. 'கேட்டா' (கீழே) சேர்ந்து 'கேத்தோடு', 'ஆனா' (மேலே) சேர்ந்து 'ஆனோடு'. மின்முனைகளுக்கு விஞ்ஞானி ஃபாரடே 1834-இல் வெளியிட்ட பெயர்கள் இவை. 'மெத்தட்', 'பீரியட்', 'எபிசோட்', 'எக்ஸோடஸ்' எல்லாவற்றிலும் அதே வழி ஒளிந்திருக்கிறது. எங்களுக்கு மிகவும் பிடித்த குடும்பம் இது.

கேள்வி: 'எ க்ரைட்டீரியா' என்று எழுதலாமா?

பதில்: கூடாது. ஒருமை 'க்ரைட்டீரியன்', பன்மை 'க்ரைட்டீரியா'. 'ஃபெனாமினன் – ஃபெனாமினா' அப்படியே. 'க்ரைசிஸ்', 'அனாலிசிஸ்', 'தீசிஸ்' ஆகியவை பன்மையில் 'சீஸ்' என்று நீளும். எழுத்தில் ஐ போய் ஈ வரும்.

கேள்வி: கிலோ, மெகா, கிகா, டெரா எல்லாம் கிரேக்கமா? இவற்றுக்குள் ஏதாவது ஒழுங்கு உண்டா?

பதில்: பிரான்ஸ் 1795-இல் மெட்ரிக் அளவுகளைச் சட்டமாக்கியபோது பெருக்கத்துக்குக் கிரேக்கம் (டெக்கா, ஹெக்டோ, கிலோ), பின்னத்துக்கு லத்தீன் (டெசி, சென்டி, மில்லி) என்று ஒழுங்காகப் பிரித்தார்கள். 'கிலோ' ஆயிரத்தைக் குறிக்கும் 'கிலியோய்' என்பதன் சுருக்கம். பிறகு வந்தவை உருவகங்கள். மெகா பெரியது, கிகா அரக்கன், டெரா பூதம், நேனோ குள்ளன். 1975-இல் சேர்ந்த 'பெட்டா', 'எக்ஸா' இரண்டும் எண்கள்: ஐந்தைக் குறிக்கும் 'பென்டா'வில் ஒரு மெய்யையும், ஆறைக் குறிக்கும் 'ஹெக்ஸா'வில் தொடக்க ஹ-வையும் உதிர்த்தவை. ஆயிரத்தை ஐந்து முறை, ஆறு முறை பெருக்கினால் வருபவை என்பதால் அந்தப் பெயர்கள்.

கேள்வி: அரசின் 'பாலிசி', காப்பீட்டுப் 'பாலிசி' இரண்டும் ஒரே சொல்தானே?

பதில்: எழுத்து ஒன்று, பிறப்பு இரண்டு. அரசுக் கொள்கை நகரத்தைக் குறிக்கும் 'பொலிஸ்' வழி வந்தது. காப்பீட்டுப் 'பாலிசி'யோ, சான்று எனப் பொருள்படும் 'அப்போடெய்க்சிஸ்' இத்தாலியில் 'பொலிட்சா' என்று தேய்ந்ததிலிருந்து வந்தது.

கேள்வி: 'ஃபோட்டோகிராஃப்' என்று சரியாகச் சொல்கிறேன். 'ஃபோட்டோகிராஃபி' என்றால் மட்டும் உச்சரிப்பு தவறு என்கிறார்கள். ஏன்?

பதில்: அழுத்தம் இடம் மாறுகிறது. 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதல் அசையில் அழுத்தம். 'கிராஃபி', 'லஜி', 'மெட்ரி', 'க்ரஸி', 'னமி' என்று முடியும் சொற்களில் அந்த முடிவுக்கு உடனே முந்தைய அசைக்கு அழுத்தம் போய்விடும். அதனால் அது 'ஃபடாக்ரஃபி' போல ஒலிக்கும்; முதல் அசை மெலிந்துவிடும். 'இக்' என்று முடிந்தால் அதற்கு முந்தைய அசை: 'ஃபோட்டோகிராஃபிக்' என்பதில் 'கிரா'. 'டெமக்ராட்' என்பதில் 'டெ', 'டெமாக்ரஸி'யில் 'மா', 'டெமக்ராட்டிக்'கில் 'க்ரா'. மூன்றையும் ஒரு மூச்சில் பத்து முறை சொல்லிப் பாருங்கள், காதுக்குப் பழகிவிடும்.

அளக்கும் கருவிகளிலும் இதே கணக்குதான்: 'மீட்டர்' என்பதற்கு முந்தைய அசை ஓங்கும். நாம் 'தெர்மாமீட்டர்' என்று 'மா' போட்டு எழுதுவதிலேயே அந்த அழுத்தம் பதிந்திருக்கிறது. நீள அலகுகளில் அது முதல் அசைக்குப் போகும்: 'மில்லிமீட்டர்', 'சென்டிமீட்டர்'. 'கிலோமீட்டர்' மட்டும் இரண்டு பக்கமும் இழுபடுகிறது. 'கி'யில் அழுத்துவோரும் உண்டு, 'லோ'வில் அழுத்துவோரும் உண்டு. அகராதிகள் இரண்டையும் தருகின்றன.